பழைய பெட்டியை 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிய கதை

தவில்காரரின் கை மேலே போகிறது. அப்படியே நிற்கிறது. சத்தம் மட்டும் வருகிறது. கண் இமைத்துப் பார்த்தால் கை கீழே இருக்கிறது, நடுவில் நடந்தது எதுவும் இல்லை. 1991இல் நடந்த அத்தை கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றிய முதல் நாள் நான் பார்த்தது இதுதான். கேசட்டைப் பதியும் விர்ச்சுவல்டப் மென்பொருளின் ஓரத்தில் விடுபட்ட பிரேம்களின், அதாவது பதியாமல் போன படங்களின், கணக்கு ஓடும். ஒரு மணி நேரத்தில் 412.

கணினி பழசு. கோர் 2 குவாட் கியூ6600, 2007இல் வந்த பிராசசர், 2.4 கிகாஹெர்ட்ஸ். புதுசு வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். கேசட் படத்தைக் கணினிக்குள் எடுக்க என்னிடம் இருக்கும் கேப்சர் கார்டு பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் உட்காருவது, அதற்கு டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. புது மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் மலிவான குச்சி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அத்தையின் அரக்குப் பட்டு ஆரஞ்சு நிறத்தில் வந்தது. எனவே பழைய பெட்டிதான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஒரு கோர் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. பிராசசருக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். படத்தை ஹஃப்ஒய்யுவி கோடெக்கில் சுருக்கித்தான் பதிந்துகொண்டிருந்தேன். அந்த வேலையைக் குறைப்போம் என்று சுருக்காமலே பதிந்து பார்த்தேன். நிலைமை மோசமானது, பிரேம்கள் ஆயிரக்கணக்கில் விடுபட்டன. பிராசசருக்கு வேலையைக் குறைத்தால் நிலைமை ஏன் மோசமாக வேண்டும்? அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சம். கேட்கவில்லை. ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேலே ஓட்ட, கை அரித்துக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை.

கியூ6600இன் கணக்கு எளிது. பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதைக்குப் பஸ் என்று பெயர்; அதன் வேகம் 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9, இரண்டையும் பெருக்கினால் பிராசசரின் வேகம். பெருக்கியை மேலே ஏற்ற முடியாது, பஸ்ஸைத்தான் ஏற்ற வேண்டும். 333 ஆக்கினால் 3 கிகாஹெர்ட்ஸ். இந்தப் பிராசசரில் இரண்டு வகை உண்டு, ஜி0 என்பது சூடு குறைந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையதாக வாங்கும்போது கடைக்காரர், "ஜி0தான் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். கூலரைக் கழற்றி, மேலே காய்ந்து சுண்ணாம்புபோல இருந்த பேஸ்டைத் துடைத்ததும் எஸ்எல்ஏசிஆர் என்ற எழுத்துகள் தெரிந்தன. ஜி0தான். மனுஷன் பொய் சொல்லவில்லை.

முதல் முயற்சியிலேயே பேராசை. 400 போட்டேன், அதாவது 3.6. ஃபேன் சுற்றியது, திரை இருட்டு. மதர்போர்டிலிருந்த காசு பேட்டரியைக் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டியதும் பயாஸ், அதாவது இந்த வேகங்களையெல்லாம் மாற்றும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம், பழைய நிலைக்கு வந்தது. அப்புறம் ஒழுங்காக 300, 320, 333 என்று படிப்படியாகப் போனேன்.

பயாஸில் ஒன்றை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. பிசிஐ கிளாக் என்று ஒரு வரி இருக்கும். என் போர்டில் அது ஆட்டோவில் இருந்தது; 33.33 என்று கையால் பூட்டினேன். அது பஸ்ஸோடு சேர்ந்து ஏறினால், 333இல் பிசிஐ 41 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். கேப்சர் கார்டு உட்கார்ந்திருப்பதே அந்த ஸ்லாட்டில்தான். ஆட்டம் காண்பது முதலில் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது சூடு. சித்திரை மாதம், மாடி அறை, வெயில் தாழ்ந்த பிறகும் 36 டிகிரி. பிராசசரோடு வரும் கூலரை வைத்துக்கொண்டு, பிராசசரை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95ஐ ஓட்டினேன். சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருள் பத்து நிமிடத்தில் 84 டிகிரி காட்டியது. நிறுத்திவிட்டேன். அந்தக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று சரியாக இறங்காமல் பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். கோபுரம் மாதிரி நிற்கும் பெரிய கூலர் ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கி, புது பேஸ்ட் தடவி, பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, எதிரே டேபிள் ஃபேனையும் திருப்பி வைத்தேன். 67க்கு இறங்கியது. அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது, பெட்டிக்குக் காத்தாடியா?" என்று ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் சீலிங் ஃபேன் ரிப்பேர். அன்று இரவு சோதனை நடக்கவில்லை.

வோல்டேஜ் 1.3 வைத்திருந்தேன். சுமை ஏறும்போது அது 1.26க்கு விழுந்தது. 1.325 ஆக்கியதும் பிரைம்95இன் சிறிய சோதனை எட்டு மணி நேரம் பிழையில்லாமல் ஓடியது. வெற்றி என்று நினைத்து, பதிந்து வைத்திருந்த ஒரு துண்டை வீடியோவைச் சுருக்கி என்கோடு செய்யும் எக்ஸ்264க்குக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் நீலத் திரை.

சிறிய சோதனை பிராசசருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், ரேமை அவ்வளவாகத் தொடாது. வீடியோ என்கோடிங் அப்படியில்லை, ரேமைப் போட்டு உருட்டும். என்னிடம் இருந்தது 1 ஜிபி வீதம் நான்கு ரேம், இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி. பஸ்ஸை 333 ஆக்கிய பிறகு பஸ்ஸுக்கும் ரேமுக்குமான விகிதத்தை மாற்றி ரேமை அதன் சொந்த வேகமான 800க்குத்தான் வைத்திருந்தேன், ஆகவே அதன்மேல் சந்தேகமே வரவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மூன்றாவது சுற்றில் சிவப்பு வரிகளைக் கொட்டியது. நான்கு இடமும் நிரம்பி, அதுவும் கலப்படமாக இருந்தால், ஏறிய பஸ்ஸில் 800ஐத் தாங்கவில்லை. விகிதத்தை 1:1 ஆக்கி ரேமை 667க்கு இறக்கினேன். பத்துச் சுற்று, ஒரு பிழை இல்லை. ரேம் வேகம் குறைந்ததால் என்கோடிங்கில் இழந்தது மிகக் கொஞ்சம்.

சரி, இனி கேப்சர். கேசட்டை ரீவைண்ட் செய்து, பிளேயை அழுத்தி, கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். விடுபட்டவை 397.

கூலர், பேஸ்ட், இரண்டு வாரத் தூக்கம் எல்லாம் போட்டு மிச்சம் பிடித்தது பதினைந்து பிரேம்.

அப்போதுதான் பழைய கேள்வி திரும்ப வந்தது. சுருக்காத பதிவில் பிராசசருக்கு வேலை குறைவு. எதற்கு வேலை அதிகம்? ஹார்டு டிஸ்குக்கு. பால் (PAL) என்ற டிவி முறையில் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம், புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் நொடிக்கு 20.7 எம்பி. டிவைஸ் மேனேஜரில் டிஸ்கின் இணைப்பான ஐடிஇ சேனலைத் திறந்தேன். டிஎம்ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது.

தெரியாதவர்களுக்கு: டிஎம்ஏ என்றால் டிஸ்குக்கும் ரேமுக்கும் இடையே சரக்கு பிராசசர் தூக்காமலே போய்வரும். பிஐஓ என்றால் ஒவ்வொரு மூட்டையையும் பிராசசரே தூக்க வேண்டும். அதன் உச்ச வேகமே நொடிக்கு 16.6 எம்பி, அதுவும் ஏட்டில். டிஸ்கோடு பேசும்போது பிழைகள் ஆறு சேர்ந்துவிட்டால், பாதுகாப்புக்காக எக்ஸ்பி டிஎம்ஏவை விட்டு பிஐஓவுக்கு இறங்கிவிடும். தானாக மேலே ஏறாது. அந்தக் கோர் ஏன் முட்டிக்கொண்டிருந்தது என்பதற்கும் இதுதான் பதில். அது படத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கவில்லை, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தது.

சாட்டா கேபிளின் முனை லேசாக ஆடியது. 60 ரூபாய்க்குப் புதுசு. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை அகற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், டிஎம்ஏ வந்துவிட்டது. அடுத்த ஓட்டத்தில் விடுபட்டவை 11. அந்தப் பதினொன்றும் நாடா கசங்கிய இடங்களில். நண்பர் வீட்டு டிவிடி ரெக்கார்டரை இரவல் வாங்கி, விசிஆரின் சிக்னலை அதன் வழியாக விட்டேன். ஆடும் சிக்னலை அது ஓரளவு நேராக்கித் தந்தது. விடுபட்டது 1.

பிறகு ஒரு வேடிக்கை செய்து பார்த்தேன். பயாஸில் எல்லாவற்றையும் பழையபடி 266க்கு இறக்கிவிட்டு அதே கேசட்டைப் பதிந்தேன். 1. பிராசசர் பாதிகூட வேலை செய்யவில்லை.

இப்போது பயாஸில் இரண்டு தொகுப்பு சேமித்து வைத்திருக்கிறேன். பதியும்போது 2.4, ரேம் 800. கேசட் ஓடும் நேரத்தில் பெட்டி அடங்கிக் கிடந்தால் போதும். என்கோடிங்குக்கு 3.0. அங்கே ஓவர்கிளாக் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஒரு பிரேமை வரி விட்டு வரியாக இரண்டு பாதிகளாகப் பதியும் இண்டர்லேஸை நீக்க ஏவிசிந்த் மென்பொருளில் கியூடிஜிஎம்சி என்ற ஸ்கிரிப்டைப் போடுகிறேன், அது ஆமை. அத்தை கல்யாணம் 2 மணி 10 நிமிடம், 2.4இல் 22 மணி நேரம் கேட்ட வேலை 18க்குள் முடிந்தது. மாலை ஆறுக்கு விட்டால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குத் தயார். டேபிள் ஃபேனுக்கு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறேன்.

இன்னும் நான்கு கேசட் இருக்கின்றன. அதில் ஒன்றின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அதை விசிஆரில் போட எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.