கெண்டைக்கால் சதை: சைக்கிளை நிறுத்திவிட்டு மாடிப்படிக்கு வாங்க

தொடை திரண்டு, கெண்டைக்கால் மட்டும் குச்சியாக இருக்கும் சைக்கிள்காரர்கள் நிறைய. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சிரைக்க ஏறினாலும் ஆடுசதை வலிக்குமே தவிர, பெரிதாக வளராது. மிதிக்கும் விசை முக்கியமாகத் தொடையிலும் பிட்டத்திலும் பிறக்கிறது. கெண்டைக்கால் கணுக்காலை விறைப்பாகப் பிடித்து அதைப் பெடலுக்குக் கடத்தும், அவ்வளவுதான். குதிகால் நன்றாகக் கீழிறங்கி, சுமையோடு சதை இழுபடுவது பெடல் சுற்றில் நடப்பதே இல்லை. சதைக்குத் தேவை அதுதான்.

மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வையுங்கள், குதிகால் வெளியே இருக்கட்டும். கைப்பிடியை விரல்நுனியால் தொட்டால் போதும், தொங்கக் கூடாது. முழங்கால் நேராக. மூன்று வினாடி எடுத்துக் குதிகாலைக் கீழே இறக்குங்கள், அடியில் இரண்டு வினாடி நில்லுங்கள், பிறகு பெருவிரல் அடியில் உள்ள மேட்டை அழுத்தி ஏறுங்கள். அந்த இரண்டு வினாடியில்தான் எல்லாம் இருக்கிறது. நிற்காமல் துள்ளினால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் ரப்பர் மாதிரி இழுபட்டு உங்களைத் தூக்கிவிடும், சதை சும்மா இருக்கும். துள்ளித் துள்ளி 30 போடுகிறவரை நிறுத்திப் போடச் சொல்லுங்கள், 12-லேயே கால் நடுங்கும்.

முழங்காலை ஏன் மடக்கக் கூடாது? வெளியே புடைத்துத் தெரியும் காஸ்ட்ரோனீமியஸ் முழங்காலுக்கு மேலிருந்து கிளம்புகிறது, மடக்கினால் தளர்ந்துவிடும். ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் மெஷின், அந்தச் சதைக்கு அடியில் இருக்கும் சோலியஸ் என்ற தசைக்குத்தான். நின்று செய்தால் இரண்டுக்கும் வேலை.

முதல் வாரம் இரண்டு காலிலும் நின்று 15 வீதம் 2 செட், அதற்கு மேல் வேண்டாம். ஆர்வக்கோளாறில் 5 செட் போட்டால் மறுநாள் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவீர்கள். பிறகு ஒற்றைக்கால், 8 முதல் 15 வரை, 3 அல்லது 4 செட், வாரம் இரண்டு மூன்று நாள். 15 சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, 2 கிலோ கூடும். அதற்கப்புறம் 5 கிலோ அரிசிப் பை. முழுதாக ஏற முடியாத கட்டம் வந்ததும் நிறுத்தாமல், அடிப்பாதி தூரத்தில் மட்டும் இன்னும் ஐந்தாறு போடுங்கள். நெடும்பயணத்துக்கு முந்தின நாள் இதைத் தொடாதீர்கள். ரைடு முடிந்த அன்று மாலை வைத்துக்கொள்ளலாம்.

க்ளீட்டை, அதாவது சைக்கிள் ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கொக்கியை, விரல் பக்கம் தள்ளினால் கெண்டைக்காலில் சுமை கூடும் என்பது சரிதான். கூடவே தசைநாணிலும் கூடும், அதனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலுக்கு மேல் சுருக்கென்றால் சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் அடிக்குப் போகும்போது விரல் நுனியால் எட்டிப் பிடிக்கிறீர்கள் என்றால் உயரம் அதிகம். இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்கிப் பாருங்கள்.

சாப்பாட்டில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் புரதம். 65 கிலோ ஆளுக்கு 104 கிராம், ஒரு முட்டையில் கிடைப்பதோ 6 கிராம்தான். மிதித்து எரிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு சதை ஏறவில்லை என்று புலம்புவது வீண்.

அளவு நாடாவைக் காலையில், இரண்டு காலிலும் சமமாக நின்று, முழங்கால் சில்லின் கீழ்விளிம்பிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் சுற்றுங்கள். மாலையில் கால் லேசாக வீங்கியிருக்கும், அதை வளர்ச்சி என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உடற்பயிற்சி வலி என்று தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.