எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுதல்

கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். சாமி 1981இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிக் காட்டியது. நான் சொல்வது அந்த வெள்ளத்துக்கு முந்தைய ஒரு மே மாதத்துக் கதை. தெருவே டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த நாளில், காட்பாடிப் பக்கம் இருந்த என் பம்புசெட் பட்டறையில் மூன்று படகு எஞ்சின்கள் வந்து இறங்கின. மைத்துனருக்குத் தெரிந்த பழவேற்காட்டு மீனவர் ஒருவர் பழையதாக விலைக்கு வாங்கியவை.

படகின் பின்னால் தொங்கும் இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். கியர் பெட்டிக்கு மேலே இருக்கும் சின்ன ரப்பர் இம்பெல்லர்தான் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் சுற்றினாலே அதன் ரப்பர் சிறகுகள் கருகத் தொடங்கிவிடும். உள்ளே நீர் ஓடுகிறதா என்று காட்ட, உடம்பில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் வழியே கம்பிபோல் நீர் பீய்ச்ச வேண்டும்.

முதல் எஞ்சினை 200 லிட்டர் டிரம்மில் இறக்கினேன். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும்; இல்லையென்றால் தண்ணீர் முழுவதும் பட்டறைத் தரைக்கு வந்துவிடும். எஞ்சின் ஓடியது, நீரும் பீய்ச்சியது. ஆனால் புகையும் டிரம்முக்குள்ளேயே போவதால், பத்து நிமிடத்தில் தண்ணீர் எண்ணெய் மிதக்கும் கஷாயமாகிவிட்டது. அதைக் கொட்டியபோது எதிரே குடத்தோடு நின்ற பெண்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, கொதிக்கிற எஞ்சினில் கை வைத்திருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது.

அதனால் அடுத்த நாள் அதே எஞ்சினுக்கு வேறு வழி தேடினேன். ஊறுகாய் டப்பாவின் இரண்டு மூடிகளை எடுத்து, ஆம்பூரிலிருந்து வந்த செருப்பு அடிப்பாக ரப்பரை விளிம்பில் ஒட்டினேன். தண்ணீர் உறிஞ்சும் சல்லடைகள் இரண்டு பக்கமும் இருக்கும். மூடிகளை அவற்றின்மேல் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு மூடியில் பச்சைத் தோட்டக் குழாயைச் சொருகினேன். ஆக்சிலரேட்டரைத் திருப்பியதும் குழாய் பாம்புச் சட்டைபோல் சப்பையானது. மாடித் தொட்டி தருவதைவிட எஞ்சின் அதிகம் இழுக்கிறது! குழாய் போனால் போகட்டும், இம்பெல்லர் நல்ல நிலையில் இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியிலேயே நின்றிருக்க வேண்டும். இரண்டாவது எஞ்சினில் என் பம்புசெட் மூளை வேலை செய்தது. அடிப்பாகத்தையே கழற்றிவிட்டு, மேலே போகும் தாமிரக் குழாயில் அரை எச்பி மோனோபிளாக் பம்பை நேராக இணைத்தேன். கீழே வழிவதைத் தொட்டியில் பிடித்து, அதையே திரும்பவும் ஏற்றினேன். ஒரு வாளித் தண்ணீர்கூட வீணாகவில்லை. ஓட்டையிலிருந்து நீர் அம்புபோல் பாய்ந்தது. சிலிண்டர் தலையில் கை வைத்து மூன்று எண்ண முடிந்தது. பூட்டி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. ஏரி நடுவில் பிஸ்டன் சூட்டில் இறுகி நின்றுவிட்டதாம். துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்த அந்த மனிதர் திட்டவில்லை. "தண்ணீரை நீங்கள் ஊட்டினீர்கள் மேஸ்திரி. அது தானாகக் குடித்துப் பார்த்தீர்களா?" என்றுதான் கேட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, எனக்கு அது தோன்றவில்லை. அடிப்பாகத்தைப் பிரித்தால், இம்பெல்லரின் எல்லாச் சிறகுகளும் ஒரே பக்கம் சாய்ந்து, விறைத்து, ஓரங்கள் வெடித்திருந்தன. ஒன்றை விரலால் நிமிர்த்தினேன். ஒடிந்து கையோடு வந்தது. என் பம்பு அதன் வேலையைச் செய்ததால் குறை வெளியே தெரியவில்லை. எஞ்சின்தான் எனக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறது. பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் ஆன செலவை நானே ஏற்றேன்.

மூன்றாவதற்கு மறுபடியும் டிரம். இம்முறை இம்பெல்லரைப் புதிதாக மாற்றி, பூட்டிய எஞ்சினை முழுதாக இறக்கினேன். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகடு நன்றாக மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினேன். லாரிக்காரரிடம் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய தண்ணீர். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஆனால் ஓட்டையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. வயிறு கலங்கியது. உடனே அணைத்தேன். பழவேற்காட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த மெல்லிய கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டுக் குடைந்தார். காய்ந்த செம்மண் உதிர்ந்தது.

"குளவி வீடு கட்டியிருக்கிறது" என்றார். "இழுங்கள்."

இழுத்தேன். மீதியிருந்த மண்ணையும் இரண்டு குளவிப் புழுக்களையும் சேர்த்து என் சட்டையில் பீய்ச்சி அடித்தது எஞ்சின்.