இண்டைக்குப் பாடு எப்பிடி?

அப்பாவுக்கு வந்தது இரைப்பைப் புற்றுநோய் என்று தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் உறுதியானபோதே அது ஈரலுக்கும் பரவியிருந்தது. இனிச் சத்திரசிகிச்சையால் பயனில்லை, நோவுக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பாருங்கோ என்றார்கள். யாழ்ப்பாணக் கரையில் குருநகரில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், கடற்காற்று வருகிற பக்கமாகக் கட்டிலைப் போட்டோம். வீட்டில் ஒருவரை இப்படி வைத்துப் பார்க்கிறவர்களுக்கு உதவக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா களங்கண்டித் தொழில் செய்தவர். பரவைக்கடலில் தடி ஊன்றி வலை கட்டி, இறாலும் நண்டும் எடுத்து வருவார். கரையில் ஆளையாள் கேட்கிற முதல் கேள்வி, "இண்டைக்குப் பாடு எப்பிடி?" பாடு என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்தது. படுக்கையில் விழுந்த பிறகு, பின்னேரச் செபமாலை முடிந்ததும் அதையே அவர் என்னிடம் கேட்கத் தொடங்கினார். அன்றைக்குக் கிடைத்ததை நான் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கஞ்சித்தண்ணி கூட வயிற்றில் தங்காத மனுசனுக்கு என்ன பாடு? நான் பேசாமல் இருந்தால் அவரே சொல்லுவார். "மத்தியானம் ஒருக்கா நோ இல்லாமல் நித்திரை வந்தது. தேசிக்காய்த் தண்ணி ரெண்டு வாய் இறங்கினது. கூட்டாளி வந்து கனநேரம் கதைச்சவன்." பிறகு சிலுவை அடையாளம் போட்டு, "தந்தவருக்குத் தோத்திரம்" என்பார்.

இந்தப் பழக்கம் நோய் வருத்தத்தோடு வந்ததல்ல. 1993 நவம்பரில் எங்கள் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சில் இடிந்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் கலியாணம் முடித்ததும் அந்தக் கோயிலில்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வள்ளமும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. வள்ளம் போன கவலையை விட, அதில் ஒருநாளாவது நன்றி சொல்லி ஏறவில்லையே என்ற கவலைதான் தனக்குக் கூட இருந்தது என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னார். அடுத்த வள்ளம் வந்த நாளிலிருந்து, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தைத் தொட்டுச் சிலுவை போடாமல் அவர் தொழிலுக்கு இறங்கியதில்லை.

வருத்தக்காரருக்காகச் செபித்து எண்ணெய் பூசுகிற நோயிற்பூசுதலுக்குப் பாதரைக் கூப்பிட நினைத்தபோது சொந்தக்காரர் தடுத்தார்கள். "மனுசன் பயந்துபோவார், கடைசியில் பாப்பம்" என்றார்கள். எங்கள் பழைய ஆட்கள் அதை அவஸ்தைப்பூசுதல், அதாவது சாகக் கிடக்கிறவருக்குப் பூசுவது, என்றே சொல்லிப் பழகியவர்கள், பாதர் எண்ணெயோடு படலைக்குள் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தினார். கடும் வருத்தத்தில் இருக்கிற எவரும் அதைப் பெறலாம், வருத்தம் கூடினால் மறுபடியும் பெறலாம். அப்பாவுக்குப் பேச்சு இருக்கும்போதே பாதர் வந்தார். நெற்றியில் பூசி, இரண்டு உள்ளங்கையிலும் பூசினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது, வெடிப்புகளில் எண்ணெய் தேங்கி நின்றது. துடைக்கத் துணி கொடுத்தேன், வேண்டாமென்று கையைப் பொத்திக்கொண்டார். அன்றிரவு நான் கேட்க முதலே, "இண்டைக்கு நல்ல பாடு, பிள்ளை" என்றார்.

மாரி தொடங்கிய கையோடு அவர் போய்விட்டார்.

அடக்கத் திருப்பலியில், "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று பாதர் சொன்னார். "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று சனம் பதில் சொன்னது. சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த பதில், அன்றைக்கு என் வாயில் வரவில்லை. பெட்டி முன்னால் இருக்கிறது, எதற்கு நன்றி? விசுவாசிகளுக்கு வாழ்வு மாறுகிறதே தவிர அழிவதில்லை என்று அதற்குப் பிறகு வருகிற செபமும் காதில் ஏறவில்லை. கொய்யாத்தோட்டம் சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வந்து, கட்டில் எடுத்த வெறும் விறாந்தையில் இருந்தேன்.

பிறகு ஒரு பின்னேரம் அம்மாதான் மெல்லக் கேட்டா, "பாடு எப்பிடி?" என்று. ஒன்றுமில்லை என்றேன். அடுத்தடுத்த நாட்களில் ஏதோ வந்தது. அயலட்டை கொண்டுவந்த இடியப்பத்தில் அம்மா இரண்டு சாப்பிட்டது. அப்பாவுடைய சேட்டு ஒன்று தோய்க்காமல் கிடந்தது. 31ஆம் நாள் பூசையில் அந்தப் பதிலைச் சொன்னேன், அழுதுகொண்டுதான்.

துக்கம் ஆறின பிறகு நன்றி வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன. "தேவ சித்தம், அழாதே" என்று செத்தவீட்டில் சொல்லுகிறவர்களின் பேச்சை நான் ஏற்கமாட்டேன். லாசரை எழுப்பப் போகிறேன் என்று தெரிந்தும் அவருக்காகக் கண்ணீர் விட்டவர் எங்கள் ஆண்டவர்.

வருத்தக்காரரை வைத்திருக்கிற சிலர் என்ன செய்வதென்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நோவையே கொடை என்று வருத்தக்காரருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நன்றி சொல்லும்படி அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம், பக்கத்தில் இருந்து நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு விருப்பமென்றால், பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே பாதரைக் கூப்பிடுங்கள்.