பாக்கெட்டோடு போய்விடும் பேட்ச் நம்பர்

கோளாறான சரக்கை விற்ற இடத்திலிருந்து திரும்பப் பெறுவதுதான் ரீகால். அதற்கு ஒத்திகையாக மாக் ரீகால் என்று ஒன்று எங்கள் உணவுத் தொழிற்சாலையில் அவ்வப்போது நடக்கும். நான் இருப்பது குவாலிட்டி பிரிவு. ஆடிட்டர் திடீரென்று வந்து ஒரு பேட்ச் நம்பரை, அதாவது ஒன்றாகத் தயாரான சரக்குக்கு நாங்கள் போடும் எண்ணை, மேசைமேல் வைப்பார். "இந்தச் சரக்கில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் இருக்கிறது?" நாலு மணி நேரம் கெடு. அந்த பேட்சில் சேர்ந்த மூலப்பொருள் எந்த லாரியில் வந்தது, எந்த ஷிப்டில் பேக் ஆனது, எத்தனை பெட்டி யாருக்குப் போனது, மீதி எத்தனை குடோனில் நிற்கிறது என்று ரிஜிஸ்டரைப் புரட்டிக் கணக்குக் கொடுக்க வேண்டும். உற்பத்தியான எண்ணிக்கையும் போனதும் இருப்பதும் சேர்ந்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஆனால் அந்தக் கணக்கு விநியோகஸ்தரோடு முடிந்துவிடும். மிஞ்சிப்போனால் கடை வரைக்கும். கடையைத் தாண்டி யார் வீட்டு அலமாரிக்குப் போனது என்பது எங்களுக்குத் தெரியாது. உண்மையான ரீகாலிலும் இதே கதைதான். கடை அலமாரியிலிருந்து சரக்கு மளமளவென்று இறங்கிவிடும். ஏற்கெனவே விற்றுப்போனது மட்டும் அப்படியே கிடக்கும். செய்தியில் நம்பரைச் சொல்கிறார்கள். வீட்டிலோ நம்பர் இல்லை, ஏனென்றால் வாங்கி வந்த அன்றே டப்பாவில் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டாயிற்று. உறைந்த உணவில் இது இன்னும் மோசம். சிலதில் தேதியும் பேட்சும் வெளி அட்டையில் மட்டும் அச்சாகியிருக்கும். ஃப்ரீசரில் இடம் பற்றாது என்று முதலில் கிழித்து எறிவது அந்த அட்டையைத்தான்.

பாக்கெட்டைப் பத்திரமாக மடித்து வைக்கச் சொல்லவில்லை. பேட்சும் தேதியும் தெரிகிற மாதிரி மொபைலில் ஒரு படம் எடுத்தால் போதும். அல்லது அந்த மூலையை மட்டும் வெட்டி டப்பாவுக்குள் போடாமல் வெளியே ஒட்டி வையுங்கள். (உள்ளே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சு மையை உணவோடு உறவாட விட வேண்டாம்.)

"ஒரு பாக்கெட்டில் கோளாறு என்றால் எதற்கு இவ்வளவு பேட்சைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், எல்லாமே கெட்டுப்போச்சா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் லைனிலிருந்தே பதில் சொல்கிறேன். பேக்கிங் முடியும் இடத்தில் மெட்டல் டிடெக்டர் நிற்கிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்று குறித்த இடைவெளியில் சோதிப்போம். இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று சின்னக் குண்டுகள் பதித்த துண்டுகளைப் பாக்கெட்டோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றையும் அது பிடித்து வெளியே தள்ள வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், கடைசியாக எப்போது சரியாகப் பிடித்ததோ அதற்கு அப்புறம் பேக் ஆன அத்தனையும் நிறுத்தி வைக்கப்படும். நடுவில் எந்த நிமிடத்தில் மெஷின் கோளாறானது என்று யாரால் சொல்ல முடியும்? கிருமி விஷயத்தில் அந்த எல்லை, மெஷினை ஒருமுறை கழுவியதற்கும் அடுத்த முறை கழுவியதற்கும் நடுவில் ஓடிய சரக்கு முழுவதும். ஆகவே ரீகால் பட்டியலில் இருக்கும் எல்லாப் பாக்கெட்டும் கெட்டது என்று அர்த்தமில்லை. நல்லது என்று உறுதி சொல்ல முடியாதவை அவை.

ரீகால் ஒரு பொருளிலிருந்து வேறு பொருளுக்கும் பரவும். அமெரிக்காவில் 2008-09இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் வேர்க்கடலை வெண்ணெயிலும் விழுதிலும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்தது. 700 பேருக்கு மேல் நோய், 9 மரணம். அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட வாங்குபவர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை. அதன் சரக்கை பிஸ்கட், ஐஸ்கிரீம், மிட்டாய் என்று மற்றவர்கள் தங்கள் பண்டங்களில் சேர்த்திருந்தார்கள். 3,900க்கும் மேற்பட்ட பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. பரிசோதனையில் கிருமி தெரிந்தும் சரக்கை அனுப்பியதற்காக அதன் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், தானாக முன்வந்து சீக்கிரம் ரீகால் அறிவிக்கிற கம்பெனியைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களிடம்தான் பயம்.

அடுத்தது மூக்கு. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கு." சால்மோனெல்லாவுக்கும் லிஸ்டீரியா என்ற இன்னொரு நோய்க்கிருமிக்கும் வாசனை கிடையாது. நாற்றம் எடுக்க வைப்பது வேறு கிருமிகள். "கொதிக்க வைத்துவிட்டால் சரியாப் போகும்" என்பது பாதி உண்மை. 2000இல் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். ஹொக்கைடோவில் பால் பவுடர் தயாரித்த ஆலையில் மின்சாரம் போனது. குளிரூட்ட வழியில்லாமல் நின்ற பாலில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெருகி நச்சைக் கக்கியது. பிறகு சூடாக்கியதில் கிருமி செத்துவிட்டது. நச்சு சாகவில்லை. அந்தப் பவுடர் வேறு ஆலைக்குப் போய்ப் பாலாகி வெளியே வந்தது. லிஸ்டீரியா வேறு மாதிரி ஆள். ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், நோய் காட்டச் சில சமயம் 70 நாள்கூட ஆகும். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன தின்றோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பதப்படுத்திய இறைச்சிதான் காரணம் என்று அறிவிக்க 2018 மார்ச் ஆகிவிட்டது. இறந்தவர்களில் பச்சிளம் குழந்தைகள் அதிகம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் லிஸ்டீரியா ரீகாலை அலட்சியம் செய்யவே கூடாது. பொருளை எடுத்துப் போட்டபின் அது இருந்த ஃப்ரிட்ஜ் தட்டையும் நன்றாகத் துடைத்து எடுங்கள்.

லேபிள் தப்பால் வரும் ரீகாலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு பொருள் ஓடி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும்போது பழைய லேபிள் ரோல் மெஷினில் மாட்டியபடியே இருந்துவிடும். உள்ளே பால் பவுடர் கலந்தது, வெளியே பால் இல்லை என்கிற எழுத்து. உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மூச்சு நின்றுபோகலாம்.

ரீகால் பட்டியலில் உங்கள் பொருள் இருந்தால் பெயர், எடை, பேட்ச், தேதி நான்கையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் ருசி பார்க்க வேண்டாம், வேலை செய்கிறவருக்குக் கொடுக்க வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். கட்டித் தனியாக வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். சாப்பிட்டு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்றால், டாக்டரிடம் பொருளின் பெயரோடு சொல்லுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். அதே பேட்சில் பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தால் அதைப் பிரிக்காமலே வையுங்கள். பிரித்ததில் கிருமி கண்டால், தொழிற்சாலையில் சேர்ந்ததா உங்கள் கரண்டியில் சேர்ந்ததா என்று எங்களைப் போன்றவர்கள் கேட்போம். பிரிக்காததில் கண்டால் கேட்க வழியில்லை.