நிலவில் நீர் தேடி: காரைக்குடிக் குறிப்புகள்

அக்டோபர் 9, 2025, வியாழன்

2009இல் இதே நாள் மாலை, நாசாவின் எல்கிராஸ் திட்டத்தினர், நீர் உண்டா என்று பார்க்க, எரிபொருள் தீர்ந்த ராக்கெட் பகுதியை நிலவின் தென்துருவத்தை ஒட்டிய கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டார்கள். பின்தொடர்ந்த கலம் எழுந்த புழுதியை அளந்துகொண்டே சென்று, நான்கு நிமிடத்தில் தானும் விழுந்து நொறுங்கியது. அது கண்ட நீர் ஏறத்தாழ 155 கிலோ. கூடவே அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தனால். இந்தக் கலவைதான் எனக்குப் பெரிய செய்தி. வால்நட்சத்திரங்களிலும் இதே பொருள்கள் உண்டு; நிலவின் நீர் அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

முற்றத்தில் மழைநீருக்கு அண்டாவை நகர்த்தச் சொன்ன அப்பத்தா கேட்டார்கள்: "ஏன் ஐயா, மேலே சுற்றுகிற பெட்டிக்கு மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எப்படித் தெரியும்?"

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நிலவின் மண்ணில் மோதி நியூட்ரான்களைக் கிளப்புகின்றன. கோலி கருங்கல்லில் பட்டால் தெறிக்கும். இன்னொரு கோலியில் பட்டால் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நியூட்ரானுக்குச் சம எடை ஹைட்ரஜன் அணுக்கரு. ஆகவே, மேலே சுற்றும் கலத்துக்கு வந்து சேரும் வேகமான நியூட்ரான்கள் குறைந்த இடத்தில் ஹைட்ரஜன் அதிகம். 1998இல் நாசாவின் லூனார் பிராஸ்பெக்டர் கலம் இரு துருவங்களிலும் இதைக் கண்டது.

"அப்படியென்றால் அது தண்ணீரைப் பார்க்கவில்லையே!" என்றார்கள். ஊருணியை நம்பி வாழ்ந்தவர்களை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. ஹைட்ரஜன், சூரியன் வீசும் துகள்களான சூரியக் காற்றிலிருந்தும் வந்து படியும்.

அக்டோபர் 22, புதன்

சந்திரயான்-1 2008இல் புறப்பட்ட நாள். அதிலிருந்த நாசாவின் எம்3 கருவி, நிலவு திருப்பியனுப்பும் சூரிய ஒளியில் 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளி குறைந்திருப்பதைக் கண்டது. நீரோ, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிலோ இருப்பதன் தடயம் அது. எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பனிக்கட்டி தங்கும் இடமோ இருட்டு. நிலவின் அச்சுச் சாய்வு ஒன்றரை டிகிரிதான். துருவப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் சூரியன் படுவதே இல்லை. பள்ளத்தின் சுவரில் பட்டுச் சிதறி உள்ளே விழும் மங்கிய ஒளியை வைத்தே, எம்3 தரவுகளிலிருந்து பனிக்கட்டியின் அடையாளத்தை 2018இல் எடுத்துக்காட்டினார்கள். கலம் மௌனமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து! அந்தப் பொறுமையை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

ரேடாருக்கு இருட்டு தடையில்லை. ஆனால் கரடுமுரடான பாறையும் பனிக்கட்டி போலவே எதிரொலிக்கும். அதனால்தான் சந்திரயான்-2 இரண்டு அலைவரிசைகளில் ரேடாரைச் சுமந்து சென்றது. ஒரே கருவியின் சாட்சியை வைத்து "நிலவில் தண்ணீர்" என்று முழங்கும் தலைப்புகளை நான் ஏற்பதில்லை. நியூட்ரான், ஒளி, ரேடார், வெப்பநிலை நான்கும் ஒரே பள்ளத்தைச் சுட்டட்டும். நாளை வகுப்பில் அந்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கப்போகிறோம், முதலில் கேபியஸ்.