தக்கலை ஆசானும் என் கட்டைவிரலும்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் வண்டி ஏறும்போது காலை ஏழு மணி, சிறு தூறல். மடியில் ஒரு சீப்பு மட்டிப்பழம், மனசில் ஒரு பழைய கடுப்பு.

பத்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு தற்காப்புக்கலை முகாமுக்குப் பணம் கட்டிப் போனேன். எங்கே தட்டினால் எதிராளி சுருண்டு விழுவான் என்று இரண்டே நாளில் சொல்லித் தருவார்களாம். மாஸ்டர் கழுத்தோரம் தட்டினால் அவருடைய மாணவர்கள் வரிசையாக விழுந்தார்கள். நான் தட்டினால் ஒருத்தரும் விழவில்லை. எனக்கு ஜோடியாக நின்ற கனத்த மனிதர், "இன்னொரு தடவை ட்ரை பண்ணுங்க சார்" என்று பாவப்பட்டுக் கழுத்தைக் காட்டினார்.

சரி, உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை வைத்து அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் செய்கிற வர்மம் புழங்கும் ஊரிலேயே போய்க் கேட்போம் என்றுதான் இந்தப் பயணம். தக்கலையில் இறங்கி, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்களை விட்டுவிட்டு, நண்பரின் பைக்கில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போனோம். முன்பக்கம் எலும்பு முறிவு வைத்தியசாலை, பின்பக்கம் செம்மண் தரையில் களரி என்கிற பயிற்சிக்களம். இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். இங்கே அடிமுறை என்கிற சண்டைக்கலையைக் கேரளத்தில் தெக்கன் களரி என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆசான் ஆசான்தான். அடிக்கிறவரும் வைத்தியரும் ஒரே ஆள்.

ஆசான் எழுபது தாண்டிய மனிதர். ஒரு பையனின் கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே பேசினார். வர்மம் 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96 என்பது பலரும் சொல்லும் கணக்கு. அவர் அதில் நேரம் போக்கவில்லை. நேராக மாத்திரைக்கு வந்தார். அடியின் அளவுக்குப் பெயர் மாத்திரை. கால், அரை, முக்கால், முழு. ஒரே இடம்தான். கால் மாத்திரையில் வலித்துவிட்டுப் போகும், முழு மாத்திரையில் ஆளே போய்விடலாம். "ஓடி வாறவனுக்கிட்ட மாத்திரை அளந்து குடுக்க முடியுமா மக்கா?" என்றார்.

என் அடி ஏன் பலிக்கவில்லை என்ற பத்து வருஷக் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருந்தது. புருவங்களுக்கு நடுவில் திலர்த வர்மம். படத்தில் பார்த்தால் ஒரு புள்ளி. எதிரில் நிற்பவன் தலையை ஆட்டுவான், கையை வீசுவான். போதையில் இருப்பவனுக்கும் வெறியில் இருப்பவனுக்கும் வலி உடனே உறைக்காது. வலியை மட்டும் நம்பி அடித்தால் நாம்தான் மாட்டுவோம்.

மீதிப் பாதி கழுத்தில் இருந்தது. தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அடி விழுந்தால், அழுத்தம் ஏறிவிட்டது என்று மூளை ஏமாந்து இதயத்தை மெதுவாக்கும். சிலர் மயங்குவார்கள், சிலர் மயங்கமாட்டார்கள். குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரைக்கும் போகும். நடு நெஞ்சும் அப்படித்தான். துடிப்பின் சுழற்சியில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த குறிப்பிட்ட கணத்தில் பந்து பட்டால்கூட இதயம் தாளம் தவறி நின்றுபோகலாம். அன்றைக்கு அந்த முகாமில் நாங்கள் விளையாட்டாகத் தட்டிக்கொண்டிருந்தது இந்தக் கழுத்தைத்தான். என் அடி பலிக்காமல் போனதற்கு இப்போதுதான் சந்தோஷப்பட்டேன்.

பார்வையாலேயே வீழ்த்தும் நோக்குவர்மம் பற்றிக் கேட்டேன். "எனக்கு வீட்டுக்காரி பார்த்தா போதும்" என்று சிரித்துவிட்டு, பையனின் அடுத்த காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அடி படித்தால் இளக்குமுறையும் படிக்க வேண்டும் என்பது அவர் களரியின் கறார். அடித்தவனுக்கு எழுப்பத் தெரிய வேண்டும். அடங்கல் என்று தனி இடங்கள் இருக்கின்றன, தடவ வேண்டிய திசை இருக்கிறது, சுக்கை மென்று காதிலும் மூக்கிலும் ஊதும் முறையும் உண்டு. இந்த நாழிகைக்குள் இளக்காவிட்டால் ஆபத்து என்று ஏடுகள் வர்மத்துக்கு வர்மம் கெடு சொல்கின்றன. நாழிகை என்றால் 24 நிமிஷம். என்னைக் கேட்டால், யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் 108-க்குத்தான் போன் போடுவேன். இரண்டும் 108 என்றேன். நண்பர் மட்டும் சிரித்தார்.

பின்பக்கம் பதின்வயசுப் பிள்ளைகள் நாலு பேர் சுவடு, அதாவது கால்வைப்பு, பழகிக்கொண்டிருந்தார்கள். முன்னால், பின்னால், திரும்பி, அமர்ந்து. ஒரு மணி நேரமாக அதேதான். எப்போது அடி சொல்லித் தருவார்கள் என்று ஒரு பொடியனிடம் கேட்டேன். "மொதல்ல வெலகப் படிக்கணும் அண்ணா" என்றான், மூச்சு வாங்கியபடி.

கிளம்பும்முன் எனக்கும் ஓர் ஆசை. "ஆசானே, எனக்கு ஒண்ணு காட்டுங்க." அவர் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னார். முழு பலத்தோடு பிடித்தேன். அவர் அவசரப்படவில்லை. கையைப் பைய உள்பக்கம் திருப்பினார். என் பிடி தளரும் கோணம் வந்ததும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் தன் கட்டைவிரல் நுனியை வைத்தார். அவ்வளவுதான். முழங்கை வரை தீ ஓடியது. முட்டி மடிந்து செம்மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

"கால் மாத்திரைகூட இல்ல, கேட்டியா?" என்றார். அப்புறம் அதே கையை மடியில் வைத்து, தைலம் தொட்டு, விரல் நுனியை நோக்கி நெடுநேரம் தடவிவிட்டார்.

உள்ளேயிருந்து கட்டன் சாயா வந்தது. கிளாஸைத் தூக்கினேன், கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. பாதி சாயா வேட்டியில்.

"இடது கையால குடி மக்கா" என்றார் ஆசான்.