எஸ்.பி.எம். வேதியியல்: அயனிப் பிணைப்பில் புள்ளியை விடாதீர்கள்

எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) முடிவு வந்துவிட்டது. வேதியியலில் ஏ. ஏ பிளஸ் இல்லையே என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு; எனக்கு இதுவே நிம்மதி.

சுங்கை சிப்புட்டில் இருந்தால் டியூஷனுக்கு ஈப்போ பஸ் ஏறச் சொல்வார்கள். நானும் ஏறினேன். போன இடத்தில் அயனிச் சேர்மங்களின் பண்புகள் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்: உருகுநிலை அதிகம், நீரில் கரையும், மின்சாரம் கடத்தும். அப்பாவின் காசு இதற்குத்தான் போனது. தாள் 2 ‘ஏன்’ என்று கேட்கும்போது அந்தப் பட்டியல் எதற்கு உதவும்?

நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். எந்தக் கேள்வி வந்தாலும், அங்கே இருக்கும் துகள் எது, அது நகருமா என்பதை முதலில் எழுதிவிடுவேன். திட உப்பில் அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) வலுவான நிலைமின் கவர்ச்சி விசையால் கட்டுண்டு கிடக்கும், நகராது. உருகினாலோ நீரில் கரைந்தாலோ தாராளமாக நகரும், மின்சாரம் பாயும். இங்கே எலக்ட்ரான் நகர்கிறது என்று எழுதினால் அது உலோகத்தின் கதை. எந்த நிலை என்று சொல்லாமல் ‘கடத்தும்’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

அதே விசைதான் உருகுநிலைக்கும் காரணம். சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும், மக்னீசியம் ஆக்சைடுக்கு 2852 வேண்டும். முன்னதில் மின்னூட்டம் 1+, 1−. பின்னதில் 2+, 2−, அயனிகளும் சிறியவை. இழுப்பு கூடினால் பிரிக்க வெப்பமும் கூடுதலாக வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் செம்பனைக்கு அடுக்கியிருக்கும் எம்.ஓ.பி. உரம்கூட பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். அடுப்பில் வைத்தால் லேசில் உருகாது, 770 டிகிரி வேண்டும். ஆனால் மழைநீரில் கரைந்து ஓடிவிடும். கனமழை வருகிற நேரத்தில் உரம் போட்டால் பெரியவர்கள் ஏன் திட்டுகிறார்கள் என்பது எனக்கு இந்தப் பாடத்தில்தான் புரிந்தது.

எனக்கு வேகமாக எழுத வராது. அதனால் எலக்ட்ரான் அமைப்புப் படத்தை முதலில் போட்டுவிட்டு அதைப் பார்த்தே விடை எழுதுவேன். கைவேகம் உள்ளவர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். அப்புறம் சில:

- மக்னீசியம் (எலக்ட்ரான் அடுக்கு 2.8.2) இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்து 2.8 ஆகும், ஆக்சிஜன் 2.6 அதை வாங்கி 2.8 ஆகும்.
- சதுர அடைப்புக்குறி, அதன் மேல் மின்னூட்டம். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது.
- மக்னீசியம் குளோரைடு என்றால் குளோரைடு அயனி இரண்டு.
- ‘எல்லாம் நீரில் கரையும்’ என்று எழுதாதீர்கள். வெள்ளிக் குளோரைடும் பேரியம் சல்பேட்டும் கரையாது; ஆறாம் பாடத்து உப்புகளில் இது மறுபடி வரும்.
- பரிசோதனைக் கேள்வியில் ஈய(II) புரோமைடு அடிக்கடி தலைகாட்டும், 373 டிகிரியிலேயே உருகிவிடுவதால். உருகிய பிறகுதான் பல்பு எரியும். நாஃப்தலின் 80 டிகிரியில் உருகினாலும் பல்பு எரியாது, அதில் அயனியே இல்லை.

படிவம் 5 மின்னாற்பகுப்பு முழுக்க இந்த நகரும் அயனிகளை நம்பித்தான் இருக்கிறது. அதற்குள் போகும் முன் இதை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.